ராணி ஏன் சாப்பிட உட்கார்ந்தாள்

ஃபிஜித் தீவுகளில் உள்ள லம்பாசா ஊரில் தன்னைப் போலப் பயந்த மனுஷன் வேறு யாரும் இல்லை என்பதை ஹிர்தே மாஸ்டரே ஒப்புக்கொள்வார். ஆற்றுப் பாலத்தில் கரும்பு லாரி எதிரே வந்தால், ஓரமாக ஒதுங்கிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார். நாய் என்றால் பயம், இடி என்றால் பயம், தன்னைவிட வயதில் சின்னவரான தலைமையாசிரியர் என்றாலும் பயம். ஆக்லாந்தில் இருக்கும் மச்சினர் வருஷம் தவறாமல், "இங்கே வந்துடுங்க, வேலை நான் பாத்துத் தரேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாஸ்டர் போகவில்லை. பிறந்த மண்ணின் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் என்று ஊரார் மெச்சினார்கள். விமானத்தில் ஏறப் பயம் என்பது அவர் மனைவி பூல்மதிக்கு மட்டும்தான் தெரியும்.

கரும்புக்காரர் வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா தொட்டதற்கெல்லாம் கை நீட்டுபவர். அண்ணன்மார் அடி வாங்கிக்கொண்டு எதிர்த்து நின்றார்கள். இவர் அறுவடை லாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு படித்தார். புத்தகத்துக்குள் எப்பேர்ப்பட்ட கொலைகாரன் வந்தாலும் அவன் கை வெளியே நீளாது. அங்கே கொடியவர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவர்கள் நெஞ்சுக்குள் என்ன ஓடுகிறது என்று நிதானமாக யோசிக்கலாம். அந்த சுகம்தான் அவரை இலக்கிய வாத்தியார் ஆக்கியது.

கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் பழைய நாடகங்களையும் கதைகளையும் நடத்தும் விதமே தனி. இவன் நல்லவனா கெட்டவனா என்று கேட்டு எந்தப் பிள்ளையாவது ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்துவார். "அதை அப்புறம் பாக்கலாம். அவனுக்கு என்ன வேணும்? எதுக்குப் பயப்படறான்? முதல்ல அதைச் சொல்லு" என்பார். இந்தியப் பிள்ளைகளும் ஃபிஜியப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, செத்து மண்ணாகிப்போன ஏதோ ஒரு நாட்டு ராஜாவுக்காகச் சண்டை போட்டுக்கொள்வார்கள். மணி அடித்த பிறகும் சத்தம் ஓயாது. பக்கத்து அறையில் பூகோளம் நடத்தும் ஃபிஜிய டீச்சர் லித்தியா வந்து, "மாஸ்டர், உங்க ராஜா சீக்கிரம் செத்தா என் பிள்ளைங்களுக்கு மழைக்காற்றைப் பத்திச் சொல்லிக் குடுப்பேன்" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவாள்.

எண்பத்தேழாம் வருஷம் பாடமாக இருந்தது ஒரு பழைய ஐரோப்பிய நாடகம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு ராஜா. போருக்குப் போன தம்பி படையோடு திரும்பி வந்து கோட்டை வாசலில் நிற்கிறான். வாயில்காப்போன் ஒருவன் கதவைத் திறந்துவிடுகிறான். விடிவதற்குள் ராஜா செத்துப்போகிறார், தம்பி முடி சூட்டிக்கொள்கிறான். ராணி தன் இரண்டு குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புருஷனைக் கொன்றவனோடு தினமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கதை அவ்வளவுதான். தேர்வில் தம்பியின் பேராசையைப் பற்றித்தான் கேட்பார்கள். மாஸ்டரும் பிப்ரவரியிலிருந்து பேராசையைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

மே மாதம் ஒருநாள் காலை இடைவேளையில் ஆசிரியர் அறை வானொலி திடீரென்று பாட்டை நிறுத்திவிட்டு வேறு குரலில் பேசியது. தலைநகரில், இந்தியர் அதிகம் இருந்த புது அரசாங்கத்தைக் கவிழ்த்து ஃபிஜியப் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. இந்திய ஆசிரியர்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். ஃபிஜிய ஆசிரியர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். லித்தியா மட்டும் மாஸ்டர் பக்கம் பார்த்து, "வீட்டுக்குப் போறப்போ மெயின் ரோட்டுல போகாதீங்க" என்றாள்.

ஒரு வாரம் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. திறந்தபோது பெஞ்சுகளில் பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். இந்தியப் பிள்ளைகள் ஜன்னல் ஓரம், ஃபிஜியப் பிள்ளைகள் சுவர் ஓரம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. மாஸ்டர் அதைக் கவனிக்காததுபோல நாடகத்தைப் பிரித்தார். முடிசூட்டும் காட்சி.

சுவர் ஓரத்திலிருந்து விலிமைனா கை தூக்கினாள். பாதிரியார் வீட்டுப் பெண். வகுப்பிலேயே கெட்டிக்காரி, வாயாடியும்கூட.

"மாஸ்டர், முடியைப் பிடுங்கித் தலையில வச்சுக்கிட்டா அவன் ராஜா ஆயிடுவானா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் அது அருமையான கேள்வி. பத்தொன்பது வருஷப் பழக்கம், யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

எல்லாப் பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். வெளியே ஆலைக்குப் போகும் லாரி ஒன்று கடகடவென்று போனது. மாஸ்டர் "சரி சரி, அடுத்த பக்கம்" என்று அவசரமாகத் தாள் திருப்பினார். இரண்டு பக்கம் சேர்ந்து திரும்பிவிட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பூல்மதியிடம் சொன்னார். அவள் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கரப்பான் வந்தாலே என்னைக் கூப்பிடற ஆளு. உங்களைப் பாத்து நாட்டைக் கவுக்க வந்தவர்னு யார் சொல்லுவா?"

"நான் கவுக்கலடி. கேள்விதான் கேட்டேன்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "கேட்டுட்டீங்களா? சத்தமாவா?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் வாசல் பக்கம் போகவில்லை. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு நின்றார். திங்கட்கிழமை காலையில் பட்டாள ஜீப் பள்ளிக்கூடத்துக்கே வந்தது.

அபிசாய் என்ற சார்ஜன்ட் தலைமையாசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாசலில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். தலைமையாசிரியர் தன் அறையிலேயே ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அபிசாய்க்கு முப்பது வயதிருக்கும். கரடுமுரடாகப் பேசவில்லை. அதுதான் மாஸ்டருக்கு இன்னும் நடுக்கத்தைக் கொடுத்தது.

"இந்த நாடகம் யாரைப் பத்தி?"

"பழைய கதைங்க. நானூறு வருஷத்துக்கு முந்தினது. இப்ப அந்த ராஜ்யமே இல்ல."

"பழைய கதைன்னா இப்ப ஏன் சொல்றீங்க?"

"பாடத்துல வச்சிருக்காங்க."

"யார் வச்சாங்க?"

"தேர்வு நடத்தறவங்க. வெளிநாட்டுல."

"எப்ப வச்சாங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

அபிசாய் முன்னால் சாய்ந்தான். "அப்ப, இங்க நடக்கப் போறது வெளிநாட்டுக்காரனுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

சிரிக்கிறானா என்று மாஸ்டர் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கால்சட்டை ஆடுவது வெளியே தெரியுமோ என்று மேஜை ஓரமாக நகர்ந்துகொண்டார். "இனிமே அந்த நாடகத்தை நடத்த மாட்டேன்" என்று தானாகவே சொன்னார். அவன் கேட்கக்கூட இல்லை.

"வாக்கு குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன்."

"நடத்தினா?"

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

அன்று முதல் கடைசி வகுப்புக்கு இலக்கணம் மட்டும்தான். நாடகப் புத்தகங்கள் அலமாரிக்குள் போயின. கதாபாத்திரங்களைத் துருவித் துருவிப் பார்த்த அதே கண்ணால் இப்போது மாஸ்டர் பிள்ளைகளைத் துருவ ஆரம்பித்தார். யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? விலிமைனாவா? கேள்வி கேட்டவளே காட்டிக்கொடுப்பாளா? கொடுக்கலாம், முதலில் ஆழம் பார்த்துவிட்டு. ஜன்னல் ஓரத்துப் பையன் ஒருவன் தலை குனிந்தே இருக்கிறானே, ஏன்? இவளுக்கு என்ன வேண்டும், இவன் எதற்குப் பயப்படுகிறான்? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அவரையே தின்றது. சாப்பாடு இறங்கவில்லை. சட்டைக் கழுத்து தொளதொளத்தது. யார் சொன்னார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆகஸ்ட் மாதம் லித்தியா அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறித்தாள்.

"நவம்பர்ல தேர்வு. அந்த நாடகத்துக்குக் கால்வாசி மதிப்பெண். பிள்ளைங்க எல்லாம் கோவிந்தாவா?"

"நான் வாக்கு குடுத்துட்டேன் லித்தியா."

"குடுத்தது நீங்கதானே? நான் இல்லையே. சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுல நான் நடத்தறேன்."

"நீ பூகோளம்."

"அதனால என்ன? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க."

"அவனுக்குத் தெரிஞ்சா?"

"அபிசாய் என் சொந்த அண்ணன் மகன். சார்ஜன்ட்டோட அத்தை வீட்டுல இப்படி நடக்கும்னு யார் நினைப்பா? அதுவுமில்லாம சனிக்கிழமையானா அவனுக்குத் துறைமுகத்துல காவல்."

மாஸ்டருக்கு இதைக் கேட்டதும் தலை சுற்றியது. ஜீப்பில் வந்தவன் இவள் மடியில் வளர்ந்தவன் என்பது அன்றுதான் தெரியும். அப்படியானால் அவனிடம் போய்ச் சொன்னது இவளாகவே இருக்கலாமே? ஒரு கணம்தான் நினைத்தார். அப்படி நினைத்ததற்கே அவருக்கு வெட்கமாகிவிட்டது.

இடைவேளைகளில் கிசுகிசுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் இரண்டு சனிக்கிழமை அவர் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை பூல்மதி அவர் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"வீட்டுல உக்காந்து நடுங்கறதை அங்க போய் நடுங்குங்க. பிள்ளைங்களாவது பாக்கட்டும்."

பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. பின்பக்கமாக வந்து லித்தியாவின் சமையலறையில் உட்கார்ந்துகொண்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பாய் விரித்துப் பிள்ளைகள். ஏதாவது சந்தேகம் என்றால் லித்தியா தண்ணீர் குடிப்பதுபோல உள்ளே வந்து கேட்டுக்கொள்வாள். அடுப்பில் மரவள்ளி வெந்துகொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல் மாஸ்டர் தேங்காய் துருவ ஆரம்பித்தார்.

பேராசை வரைக்கும் லித்தியா நன்றாகவே நடத்தினாள். பிறகு ராணியிடம் வந்தாள்.

"இந்த ராணியைப் பத்திக் கேட்டா சுருக்கமா எழுதிடுங்க. கெட்டவ. புருஷனைக் கொன்னவன் பக்கத்துல உக்காந்து கறியும் சோறும் திங்கறா. மானம் இல்லாதவ. அவ்வளவுதான்."

மாஸ்டரின் கை நின்றது. அவள் தண்ணீர் குடிக்க வருவாள் என்று காத்திருந்தார். வரவில்லை. பென்சில்கள் எழுதும் சத்தம் கேட்டது. அத்தனை பிள்ளைகளும் அதை எழுதிக்கொள்கிறார்கள். மானம் இல்லாதவள். வாசல் கதவைப் பார்த்தார், தடுப்பைப் பார்த்தார். தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து தடுப்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டார்.

"அடிச்சிடுங்க" என்றார். "அதை அடிச்சிடுங்க."

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். லித்தியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏன்? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்றாள்.

"அவ சாப்பிடலைன்னா என்ன ஆகும், சொல்லு. மேஜையில ரெண்டு பிள்ளைங்க இருக்கு. எழுந்து போனா அந்த நிமிஷமே அவ எதிரி. அவ எதிரின்னா பிள்ளைங்களும் எதிரி. அந்தக் காட்சி முழுக்க அவ வாயைத் திறக்கறப்ப எல்லாம் என்ன பேசறா? சூப்பு சூடா இருக்கு, மெதுவாக் குடின்னு மகன்கிட்ட சொல்றா. அவகிட்ட வேற வார்த்தையே இல்ல. தொண்டையில சோறு இறங்காம ஒருத்தி தினமும் சாப்பிடறா. அவ பயந்துபோயிருக்கா. பயந்தவ எல்லாம் மானம் கெட்டவ இல்ல."

விலிமைனா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்ப பயந்தவங்க என்ன செஞ்சாலும் சரியா மாஸ்டர்?"

அந்தப் பெண் அவரைக் குத்திக்காட்டத்தான் கேட்டாளா, நாடகத்தைத்தான் கேட்டாளா என்று அவருக்கு விளங்கவில்லை. "இல்ல" என்றார் கடைசியில். "அப்படியும் சொல்ல முடியாது. கதவைத் திறந்தானே, அவனும் பயந்துதான் திறந்தான்."

"யாரு?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அபிசாய். சீருடையில் இருந்தான். கையில் கொடியில் கோத்த மீன். துறைமுகத்தில் வேலை சீக்கிரம் முடிந்து, அத்தை கையால் சாப்பிடலாம் என்று வந்திருக்கிறான். எப்போதிலிருந்து நிற்கிறான் என்று யாருக்கும் தெரியாது. பெஞ்சில் பிரிந்து உட்காரப் பழகியிருந்த பிள்ளைகள் பாயில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள்.

தேங்காய் மூடி மாஸ்டர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டு சார்ஜன்ட்டின் பூட்ஸில் முட்டி நின்றது. ஓடலாமா என்று நினைத்தார். கால் இருந்தால்தானே ஓடுவதற்கு.

லித்தியா முன்னால் வந்தாள். "மீனைக் குடு, கெட்டுப்போகும். பூட்ஸைக் கழட்டு. உள்ள வர்றதுன்னா மனுஷனா வா."

"அத்தை, இவரு எனக்கு வாக்கு குடுத்திருக்காரு."

"அவரு வாக்கைக் காப்பாத்தத்தான் சமையல்கட்டுல உக்காந்திருந்தாரு. நான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன், தாங்காம வந்துட்டாரு. பிடிச்சுக்கிட்டுப் போறதுன்னா என்னைப் பிடி. உங்கப்பன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அபிசாய் மீனைக் கொடுத்துவிட்டுப் பூட்ஸைக் கழற்றினான். பாய் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தான்.

"கதவைத் திறந்தது யாரு?"

"காவல்காரன்" என்றார் மாஸ்டர். "நாடகத்துல அவனுக்குப் பேரே இல்ல."

"ஏன் திறந்தான்?"

"வெளிய நின்னவன் அவனுக்குத் தளபதி. திறன்னு சொன்னான். சொன்னதைச் செஞ்சே பழகினவன்."

"திறக்கலைன்னா?"

"அவனைக் கொன்னுட்டுத் திறந்திருப்பாங்க."

"அப்ப அவன் மேல என்ன தப்பு?"

அறை முழுக்க மரவள்ளி அடிபிடிக்கும் வாசனை. யாரும் எழுந்து போய் இறக்கவில்லை. மாஸ்டர் இப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தார். பழக்கம் விடவில்லை. இவனுக்கு என்ன வேண்டும், இவன் எதற்குப் பயப்படுகிறான் என்று மனசு தானாகக் கேட்டுக்கொண்டது. இரண்டாவதற்குப் பதில் அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

"எனக்குத் தெரியல" என்றார். "ரெண்டு வருஷமா நடத்தறேன், எனக்கே தெரியல. ஆனா கடைசிக் காட்சியில அவன் தனியா ஒரு தடவை வர்றான். கதவைச் சாத்திச் சாத்திப் பாக்கறான். அது சாத்திக்க மாட்டேங்குது."

"அப்புறம் அவன் என்ன ஆனான்?"

"தூக்குல போட்டாங்க."

"யாரு? பழைய ராஜா ஆளுங்களா?"

"இல்ல. அவன் யாருக்காகத் திறந்தானோ, அவங்கதான்."

அபிசாய் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை. எழுந்து போய் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கட்டினான். கயிறு கட்ட வெகுநேரம் எடுத்தது. ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிள்ளைகள் போன பிறகு லித்தியா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து அவருக்கு ஒரு சிரட்டை யங்கோனா கொடுத்தாள். ஆட்சி கவிழ்ந்த அன்று அபிசாய் தலைநகரில் ஏதோ ஒரு கட்டடத்து வாசலில் காவலுக்கு நின்றவன் என்றும், அதன் பிறகு அவனுக்குத் தூக்கம் சரியில்லை என்று அண்ணி சொன்னதாகவும் அப்போதுதான் சொன்னாள். "நீங்க பாட்டுக்கு அவனைத் தூக்குல போட்டுட்டீங்க" என்றாள்.

"நான் போடலையே. நாடகத்துல அப்படித்தானே இருக்கு."

"கொஞ்சம் மாத்திச் சொன்னா என்ன?"

"அதெப்படி மாத்தறது?" என்று கேட்ட மாஸ்டருக்குத் தன் துணிச்சலை நினைத்து மறுபடி வியர்த்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் எல்லாவற்றிலும் கொடியவை. பூல்மதி ஒரு பையில் அவருக்கு மாற்றுத்துணியும் மாத்திரையும் கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாள். எப்போது வந்து கூப்பிட்டாலும் எடுத்துக்கொண்டு போகலாம். செப்டம்பரில் இரண்டாவது தடவையும் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. எங்கேயும் கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆனாலும் சனிக்கிழமை வகுப்பு நிற்கவில்லை. மாஸ்டர் இப்போது சமையலறையில் உட்காரவில்லை, பாயில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் கிளம்புவார்.

ஜீப் வரவே இல்லை. அக்டோபர் கடைசியில், அபிசாய் தானாகவே கேட்டு லெபனானுக்கு ஐ.நா. அமைதிப் படையில் போய்விட்டான் என்று லித்தியா சொன்னாள். பை மட்டும் அந்த வருஷம் முழுக்க வாசலிலேயே கிடந்தது.

தேர்வில் எப்போதும்போலப் பேராசையைப் பற்றித்தான் கேட்டார்கள். விலிமைனா அதை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தவனைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்தாள். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. மாஸ்டர் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "நீங்கதான் கெடுத்தீங்க" என்று சண்டை போட்டாள். பூல்மதி அவளை உள்ளே கூப்பிட்டுப் பூசணிக் கறியும் ரொட்டியும் போட்டாள். மூன்று ரொட்டி சாப்பிட்ட பிறகுதான் கோபம் தணிந்தது. மற்றவர்களில் இரண்டு பேர் தோற்றார்கள். மீதிப் பேர் தேறினார்கள்.

மாஸ்டர் அதற்குப் பிறகும் பயந்துகொண்டேதான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் யாராவது கதவைத் தட்டினால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். அவருக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போது, இரண்டாயிரத்தில், மறுபடி ஒரு மே மாதம் வானொலி அதே மாதிரி குரல் மாறிப் பேசியது. அன்று மாஸ்டர் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை பஸ் ஓடவில்லை. அவர் குளித்து, சட்டை மாட்டி, நடந்தே பள்ளிக்கூடம் போனார். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களை முன் பெஞ்சுகளுக்குக் கூப்பிட்டு ஒன்றாக உட்காரவைத்து, நிறுத்திய பக்கத்தைக் கேட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கியதில் சாக்பீஸ் ஒடிந்தது. குனிந்து துண்டை எடுத்து மீதியை எழுதினார்.